மரப்பெட்டி ரேடியோவும் கறுப்பு ரிசீவரும்

கோவையை அடுத்த மதுக்கரையில் சிமெண்ட் ஆலை வந்தது 1934-இல். மாதச் சம்பளம் பார்த்த வீடுகளுக்கு வால்வு ரேடியோ பெரிய சொத்து. ஐந்து வால்வு செட்டை 70 ரூபாய்க்கே தர முடியும் என்று 1941-இல் கோவையிலிருந்து அறிவித்தார் ஜி.டி. நாயுடு. ஓட்டுக்கு மேல் ஏரியல் கம்பி. சுவிட்சைப் போட்டு வால்வு சூடேறும்வரை காத்திருந்தால் இலங்கை வானொலி பாடும். 1966-இல் கோவை வானொலியும் சேர்ந்துகொண்டது. அலையைப் பிடிப்பது, பெருக்குவது, பாடுவது எல்லாமே அந்த ஒரே மரப்பெட்டியின் வேலை.

நடுவில் அசெம்பிள் செட் காலம். போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கி வந்தால் ரேடியோ கடைக்காரரே சால்டர் வைத்துக் கட்டிக் கொடுப்பார். நாலு மூலையிலும் பெட்டி வைத்தாலும் நாலிலும் ஒரே பாட்டுதான். ‘குருதிப்புனல்’ 1995-இல் டால்பியிலும் ‘கருப்பு ரோஜா’ 1996-இல் டிடிஎஸ்ஸிலும் வந்த பிறகு, சுற்றிலும் கேட்கும் சத்தத்துக்குத் தியேட்டருக்குத்தான் போகவேண்டியிருந்தது.

இன்று அது வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. ஆனால் வாங்கப் போகிறவர்கள் ஸ்பீக்கர் எத்தனை வாட்ஸ் என்று கேட்பதோடு சரி. ரிசீவரைப் பற்றிக் கேட்பதில்லை. எனக்கு இது பெரிய ஆதங்கம். மொத்த செட்டுக்கும் மூளை அதுதான். செட்டாப் பாக்ஸ், பிளேயர் எல்லாம் எச்டிஎம்ஐ ஒயர் வழியாக அதில் வந்து சேரும். சுருக்கி அனுப்பப்பட்ட ஒலியை விரித்து, வசனத்தைப் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கும், சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழான அதிர்வைச் சப்வூஃபருக்கும் பிரித்து அனுப்பும். பெருக்குவதும் அதுவே.

பல ரிசீவர்களோடு சின்ன மைக் ஒன்று வரும். அதை உட்காரும் இடத்தில் காது உயரத்துக்கு வைத்தால், ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் விட்டு ரிசீவர் தூரத்தைக் கணக்கிடும். ஒலி ஒரு மீட்டரைக் கடக்கச் சுமார் 3 மில்லி விநாடி ஆகும். அருகிலிருக்கும் ஸ்பீக்கரை அந்தக் கணக்குக்குத் தாமதப்படுத்தி, எல்லாம் ஒரே நேரத்தில் காதுக்கு வரும்படி செய்யும். மரப்பெட்டிக்கு இது தெரியாது.

ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஜன்னலை அறையும் ஊர் மதுக்கரை. அந்தச் சத்தத்தில் வசனம் கேட்கவில்லையென்று மொத்த வால்யூமையும் ஏற்றினால் சண்டைக்காட்சியில் காது கிழியும். ரிசீவர் மெனுவில் நடு ஸ்பீக்கரை மட்டும் இரண்டு மூன்று டெசிபல் ஏற்றுங்கள், போதும்.

வாங்கும்போது பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். எத்தனை ஓம் ஸ்பீக்கர் மாட்டலாம் என்று அங்கே அச்சடித்திருக்கும். குறைந்தது 6 ஓம் என்றிருந்தால் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டாதீர்கள்.