போக்கியத்துக்குப் போன பதின்மூன்று நகரங்கள்

மறைந்த மாவட்டங்கள் – 4

பழைய ஹங்கேரி ராஜ்யத்தின் மாவட்டம் என்பது அரசனுடைய கோட்டையைச் சுற்றி முளைத்து, காலக்கிரமத்தில் பிரபுக்களின் சபையாக வளர்ந்த வரலாற்றைச் சென்ற இதழில் பார்த்தோம். 1910-ஆம் ஆண்டில், குரோவேஷியா நீங்கலாக, அந்த ராஜ்யத்தில் இருந்த 63 மாவட்டங்களுள் வடகோடியில், தாத்ரா மலைச் சிகரங்களின் அடிவாரத்தில் கிடந்தது ஸெபெஷ். ஜெர்மானியர் அதை ஸிப்ஸ் என்றும், ஸ்லோவாக்கியர் ஸ்பிஷ் என்றும் அழைத்தனர். அங்கே ஓடும் இரண்டு நதிகளில் போப்ராத் வடக்கே திரும்பிப் போலந்து தேசத்தின் வழியாகப் பால்டிக் கடலையும், ஹோர்னாத் தெற்கே இறங்கி டான்யூபின் வழியாகக் கருங்கடலையும் சேர்கின்றன. நதிகளைப் போலவே அந்த மாவட்டத்து நகரங்களும் ஒரு காலத்தில் வடக்கே ஒரு மன்னனையும் தெற்கே ஒரு மன்னனையும் நோக்கிப் பிரிந்து நிற்க நேர்ந்தது.

1241-ஆம் ஆண்டில் மங்கோலியப் படைகள் ஹங்கேரியைச் சூறையாடியபோது, கிராமங்கள் பாழ்பட்டன. குன்றின்மேல் நின்ற ஸ்பிஷ் கோட்டை மட்டும் பிடிபடாமல் தப்பியது. பாழ்பட்ட நிலத்தில் மீண்டும் குடியேற்றவேண்டிய அவசியம் அரசர்களுக்கு ஏற்பட்டது. முன்னரே அங்கு வந்து தங்கியிருந்த ஜெர்மானியரோடு, அவர்கள் இனத்தவர் மேலும் பலர் வந்து சேர்ந்தனர். ஸாக்ஸன்கள் என்று பொதுப்பெயர் பெற்ற இக்குடியேறிகளுக்கு 1271-இல் ஐந்தாம் ஸ்டீபன் மன்னர் ஒரு சாசனம் வழங்கினார். தங்கள் நீதிபதியையும் பாதிரியாரையும் தாங்களே தேர்ந்துகொள்ளவும், காடு திருத்தவும், வேட்டையாடவும், மீன் பிடிக்கவும், கனிமங்கள் தோண்டவும் அது உரிமை தந்தது. அந்தச் சாசனத்தின் நிழலில் 24 நகரங்கள் ஒரு சங்கமாக இணைந்து, பிரபுக்களின் கைக்கு எட்டாத சுயாட்சியை அனுபவித்தன.

ஆயினும் ஸெபெஷ் ஜெர்மானியரின் நாடு மட்டும் அன்று. பள்ளத்தாக்கின் வயல்களை உழுதவர்கள் பெரும்பாலும் ஸ்லோவாக்கியர். மலைச்சரிவுகளில் ஆடு மேய்த்தவர்கள் ருத்தேனியரும், போலிஷ் சாயலுள்ள மொழி பேசும் கோரால் மக்களும். கோட்டையிலும் மாவட்ட சபையிலும் ஆதிக்கம் செலுத்தியவர்கள் ஹங்கேரியப் பிரபுக்கள். பெருநகரங்கள் நெடுங்காலம் யூதர்களுக்குக் கதவடைத்திருந்தமையால், அவர்கள் கெஷ்மரோக் நகருக்கு அருகில் உள்ள ஹுன்ட்ஸொவ்ட்ஸெயில் குடியமர்ந்து, அவ்வூரைப் பேர்பெற்ற வேதபாடசாலைக்கு இருப்பிடமாக்கினார்கள். மாவட்டத் தலைநகரமான லெவோச்சாவில், பால் என்னும் சிற்பியார் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செதுக்கிய மரப் பலிபீடம் சுமார் 18.6 மீட்டர் உயரத்தில் இன்றும் பார்ப்போரைப் பிரமிக்கச் செய்கிறது.

இத்தகைய செழிப்பான பிரதேசத்தின்மீது 1412-ஆம் ஆண்டில் ஒரு விசித்திரமான விதி இறங்கியது. வெனிஸ் குடியரசோடு போர் தொடுத்துப் பொக்கிஷம் வற்றிப்போன ஹங்கேரி மன்னர் ஸிகிஸ்மண்ட், போலந்து மன்னர் விளாடிஸ்லாவ் யாகெல்லோவிடம் கடன் வாங்கினார். கடன்தொகை 37,000 ஷாக் பிராக் வெள்ளிக் காசுகள். ஒரு ஷாக் என்பது 60 காசுகளாதலால், மொத்தம் 22,20,000 காசுகள். அதற்கு ஈடாக ஸாக்ஸன் நகரங்கள் பதின்மூன்றும், லூபோவ்னியா கோட்டையும் அதைச் சேர்ந்த மூன்று ஊர்களும் போலந்து மன்னரின் கைக்குச் சென்றன. நம் நாட்டுப் போக்கியத்தைப் போலவே, கடன் தீரும்வரை வருமானம் கடன் கொடுத்தவருக்கு. பூமியின் உரிமை மட்டும் ஹங்கேரிய முடிக்கு. ஸ்பிஷ் கோட்டையின் அடிவாரத்தில் அதன் நிழலிலேயே கிடக்கும் ஸ்பிஷ்ஸ்கே பொட்ஹ்ராடியே நகரம் போலந்துக்கு வரி செலுத்த, தலைக்குமேலே நிற்கும் கோட்டையோ ஹங்கேரியின் வசத்திலேயே இருந்தது!

அடகுக்குப் போனவர்கள் துர்ப்பாக்கியசாலிகள் என்றும், போகாதவர்கள் பிழைத்தார்கள் என்றும் வாசகர்கள் எண்ணக்கூடும். சரித்திரம் அதற்கு நேர்மாறாக நடந்தது. போலந்து மன்னர்கள் அந்நகரங்களின் பழைய உரிமைகளை அங்கீகரித்து, லூபோவ்னியா கோட்டையில் ஓர் அதிகாரியை அமர்த்தி வரி வாங்குவதோடு பெரும்பாலும் திருப்தியடைந்தார்கள். ஹங்கேரியில் எஞ்சிய 11 நகரங்களோ, சங்கம் சிதைந்து பலம் குன்றிப்போய், நாளடைவில் கோட்டையை ஆண்ட ஸாபோல்யா முதலிய பிரபு வம்சங்களுக்கு அடங்கிய குடிகளாகத் தாழ்ந்தன. ஈடு வைக்கப்பட்டவை சுதந்திரத்தைக் காப்பாற்றிக்கொண்டன. ஈடு வைக்கப்படாதவை அதை இழந்தன.

கடன் தீர்க்கப்படவே இல்லை. தலைமுறைகள் கழிந்தன, ஸ்வீடன் படைகள் 1655-இல் போலந்தில் புகுந்தபோது அந்நாட்டு ராஜ முடியும் ஆபரணங்களும் இதே லூபோவ்னியா கோட்டையில்தான் ஒளித்துவைக்கப்பட்டன. போலந்து தளர்ந்து கிடந்த 1769-இல் ஹங்கேரியின் அரசி மரியா தெரேஸா படையனுப்பி இந்நகரங்களைக் கைப்பற்றினார். 1772-இல் போலந்தின் முதற் பிரிவினை அதை உறுதிசெய்தது. 360 ஆண்டுப் போக்கியம், பணம் கொடாமலேயே மீட்கப்பட்டது. மீண்டும் சேர்ந்த 16 நகரங்களும் 1876-ஆம் ஆண்டு வரையில் தனி மாகாணமாக இருந்து, அவ்வாண்டின் நிர்வாகச் சீர்திருத்தத்தில் மாவட்டத்தோடு கரைந்தன.

1910-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் ஸெபெஷ் மாவட்டத்தின் ஜனத்தொகை ஒரு லட்சத்து எழுபதினாயிரத்துக்குச் சற்று மேல். அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் ஸ்லோவாக்கியர், ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானோர் ஜெர்மானியர், ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கினர் ஹங்கேரியர். 1920-இல் மாவட்டத்தின் பெரும்பகுதி செக்கோஸ்லோவாக்கியாவுக்கும், வடக்கே ஒரு சிறு துண்டு போலந்துக்கும் போயிற்று. அதன் பிறகு நிகழ்ந்தது எல்லை மாற்றம் மட்டும் அன்று. 1942 மார்ச்சில் ஸ்லோவாக்கிய அரசு ஆஷ்விட்ஸ் முகாமுக்கு அனுப்பிய முதல் யூத ரயில், சுமார் ஆயிரம் இளம் பெண்களோடு இந்த மாவட்டத்துப் போப்ராத் நகரத்திலிருந்தே புறப்பட்டது. போரின் கடைசி மாதங்களிலும் அதை அடுத்தும் ஜெர்மானியரில் பெரும்பாலோர் அப்புறப்படுத்தப்பட்டனர், அல்லது துரத்தப்பட்டனர். க்மெல்னித்ஸா போன்ற ஓரிரு கிராமங்களில் மாத்திரம் அவர்கள் சந்ததியார் இன்னும் வாழ்கிறார்கள்.

அரசர்கள் ஊர்களைக் கடனுக்கு ஈடாக வைத்தது நமக்கு இன்று அநாகரிகமாகத் தோன்றலாம். ஆனால் அந்த அரசர்கள் வரியை மாற்றினார்கள், முடியை மாற்றினார்கள், குடிகளை மட்டும் இருந்த இடத்திலேயே விட்டுவைத்தார்கள். ஒரு பூமிக்கு ஒரே இனம், ஒரே மொழி என்ற கொள்கை வந்த பிறகுதான், மூன்றரை நூற்றாண்டுப் போக்கியம் செய்யாத நாசம் ஐந்தாறு ஆண்டுகளில் நடந்தேறியது. நாகரிகம் எந்தப் பக்கம் இருந்தது என்பதை வாசகர்களே தீர்மானிக்கலாம்.

பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் ஸிப்ஸ் ஜெர்மானியரில் ஒரு சாரார் காடு வெட்டும் தொழிலை நாடிக் கிழக்கே சென்று குடியேறினார்கள். அவர்கள் சென்ற மாராமரோஷ் மாவட்டத்தை அடுத்த இதழில் பார்ப்போம்.