அரம் பிடிப்பதும் ஒரு படிப்பே

மே மாதத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வின் முடிவு வெளியாகிவிட்டால், ஸ்ரீரங்கத்து உத்தர வீதியாகட்டும், திருச்சிராப்பள்ளி மலைக்கோட்டையைச் சுற்றியுள்ள தெருக்களாகட்டும், நடுத்தரக் குடும்பங்களில் ஒரே பேச்சுத்தான்: "பையன் எந்த குரூப் எடுக்கப் போகிறான்?" இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் பொறுப்பை யாரும் பையனிடம் விடுவதில்லை. மதிப்பெண்ணே சொல்லிவிடுகிறது. நிறைய வாங்கியவனுக்குக் கணிதமும் உயிரியலும். அவனுக்கு அடுத்தவனுக்குக் கணிப்பொறி. அதற்கும் கீழே வணிகவியல். இவை ஒன்றிலும் இடம் கிடைக்காமல் திண்ணையில் மிஞ்சி நிற்பவனுக்குத் தொழிற்கல்விப் பிரிவு. பெண் குழந்தைகளுக்கும் இதே ஏணிதான். கூடவே, "பள்ளிக்கூடம் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறதா?" என்ற உபகேள்வி ஒன்றும் உண்டு.

இந்த ஏணியின் கடைசிப் படியைப் பற்றியே இங்கே எழுத விரும்புகிறோம். அது எப்படிக் கடைசிப் படியாயிற்று, அங்கே உண்மையில் என்ன கற்றுக்கொடுக்கிறார்கள், அதில் கால் வைத்தவன் எங்கே போய்ச் சேரலாம் என்பதெல்லாம் நம் வீடுகளில் மிகச் சொற்பமாகவே தெரிந்திருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், திருச்சிராப்பள்ளி கைத்தொழிலால் பிழைக்கும் ஊர். தென்னிந்திய ரயில்வேக் கம்பெனியார் நாகப்பட்டினத்தில் வைத்திருந்த தங்கள் பட்டறையை 1928-ல் பொன்மலைக்குக் கொண்டுவந்தார்கள். நாகப்பட்டினம் களையிழந்தது, பொன்மலை ஒரு நகரமாகவே எழுந்தது. நீலகிரி மலை ரயிலை இழுக்கும் நீராவி எஞ்சின்களுக்கு வைத்தியம் பார்ப்பது இந்தப் பட்டறைதான். அந்த மலைப் பாதைக்குப் புதிய நீராவி எஞ்சின்களையே இங்கே செய்தும் கொடுத்திருக்கிறார்கள். திருவெறும்பூரில் செக்கோஸ்லோவாக்கியா நாட்டின் உதவியுடன் 1965-ல் தொடங்கியது, 'பெல்' என்று ஊரார் அழைக்கும் பாரத மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் தொழிற்சாலை. அடுத்த ஆண்டிலேயே துப்பாக்கித் தொழிற்சாலை வந்தது. ஸ்ரீரங்கத்தில் நூற்றாண்டுக் கணக்காக மொட்டையாக நின்ற தெற்கு ராயகோபுரம் 13 நிலைகளும் 236 அடி உயரமும் கொண்டு 1987-ல் நிறைவெய்தியதே, அதைக் கட்டி முடித்த ஸ்தபதிகளும் கொத்தர்களும் எந்தக் குரூப் படித்தவர்கள் என்று யாராவது விசாரித்தார்களா?

நிற்க. கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்துக்குள் கொண்டுவர வேண்டும் என்ற யோசனை நம் நாட்டில் புதிதன்று. 1937-ஆம் ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மகாநாட்டில் மகாத்மா காந்தி, ஒரு கைத்தொழிலை நடுநாயகமாக வைத்து அதன் வழியாகவே மற்றப் பாடங்களைப் போதிக்க வேண்டும் என்று வற்புறுத்தினார். டாக்டர் ஜாகீர் ஹுசேன் தலைமையில் அமைந்த கமிட்டி அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ் அதை ஏற்றுக்கொண்டது. பிறகு 1964 முதல் 1966 வரை ஆராய்ந்த கோத்தாரிக் கமிஷனும், மேல்நிலை வகுப்புகளில் தொழிற்கல்விக்குப் பெரியதோர் இடம் கொடுக்க வேண்டும் என்றே சொல்லிற்று. தமிழ்நாட்டில் 1978-ல் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகள் பள்ளிக்கூடங்களோடு சேர்க்கப்பட்டபோது, தொழிற்கல்விப் பிரிவும் கூடவே பிறந்தது.

ஆனால் இடையில் 1953-ஆம் ஆண்டு ஒன்று இருக்கிறது. அதை விட்டுவிட்டு இந்த விஷயத்தைத் தமிழ்நாட்டில் யாரும் பேச முடியாது. அப்போது முதல் மந்திரியாயிருந்த ராஜாஜி, கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் மாணவர்கள் தினமும் மூன்று மணி நேரம் வகுப்பில் இருந்தால் போதும், மிகுந்த நேரத்தில் பெற்றோரின் தொழிலைப் பழகலாம் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். பள்ளிகள் போதாத காலத்தில் இரட்டிப்புப் பிள்ளைகளுக்குப் படிப்புச் சொல்ல வழி இது என்பது அவர் தரப்பு. "வண்ணான் பிள்ளை வண்ணானாகவும், அம்பட்டன் பிள்ளை அம்பட்டனாகவுமே இருக்க வேண்டுமா?" என்பது எதிர்த்தவர்களின் கேள்வி. பெரியாரும் அவரைச் சேர்ந்தவர்களும், திராவிட முன்னேற்றக் கழகத்தாரும், காங்கிரசுக்குள்ளேயே பலரும் அதைக் குலக்கல்வித் திட்டம் என்று கண்டித்தார்கள். 1954-ல் ராஜாஜி பதவி விலகினார். காமராஜர் முதல் மந்திரியாகி, அந்த ஆண்டிலேயே திட்டத்தை எடுத்துவிட்டார்.

ராஜாஜியின் நோக்கத்தைப் பற்றி இன்றும் இரண்டு அபிப்பிராயங்கள் உண்டு. அந்த வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. எதிர்த்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது என்பதே நம் கட்சி. தகப்பனார் தொழிலைப் பிள்ளைக்கு மறுபடியும் சொல்லிக்கொடுப்பதற்குப் பள்ளிக்கூடம் எதற்கு? தகப்பனார் கனவிலும் தொட்டறியாத தொழிலைத் தொட்டுப் பார்க்க அல்லவா அது வேண்டும்? அர்ச்சகர் வீட்டுப் பிள்ளை அரமும், செருப்புத் தைப்பவர் வீட்டுப் பெண் மின்சாரக் கம்பியும், வக்கீல் வீட்டுப் பிள்ளை கரண்டியும் பிடித்துப் பார்க்கும் இடமாக இருந்தால் தொழிற்கல்வியைக் குலக்கல்வி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஏழை வீட்டுப் பிள்ளையை மட்டும் அங்கே அனுப்பிவிட்டு, மற்றவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தால், 1953-ல் எழுந்த சந்தேகம் இன்றைக்கும் சரியானதாகவே போய்விடும்.

இப்போது இருப்பவை என்ன என்று பார்ப்போம். மேல்நிலைப் பள்ளிகளின் தொழிற்பிரிவில் அடிப்படை மின்பொறியியல், அடிப்படை இயந்திரவியல், வேளாண் அறிவியல், செவிலியம், ஆடை வடிவமைப்பு, அலுவலக மேலாண்மை முதலிய பாடங்கள் உண்டு. எல்லாப் பள்ளிகளிலும் எல்லாம் கிடையா. கற்பித்து வந்த ஆசிரியர்கள் ஓய்வு பெற்றதும், அந்த இடத்துக்கு வேறொருவர் வராமல், பாடமே நின்றுபோன பள்ளிகள் பல. செய்முறைக் கூடத்தில் பூட்டுத் தொங்குகிற பள்ளியில் பிள்ளையைச் சேர்ப்பது, கிணறில்லாத ஊரில் நீச்சல் கற்கப் போவது போலத்தான். பாடம் நன்றாக நடக்கும் இடத்தில் படித்தவர்களுக்குப் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டில் சேர வழியிருக்கிறது. பொறியியல் கல்லூரிச் சேர்க்கையிலும் தொழிற்பிரிவுக்கென்று தனி இடங்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். "இதோடு படிப்பு முடிந்தது" என்று தலையில் கைவைத்துக்கொள்ளும் தாய்மார்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். செவிலியப் பிரிவைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. பன்னிரண்டாம் வகுப்பில் அதைப் படித்துத் தேறியதாலேயே ஒருவர் பதிவு பெற்ற நர்ஸ் ஆகிவிட முடியாது. அதற்குரிய பயிற்சிப் பள்ளியிலோ கல்லூரியிலோ மேலும் படிக்க வேண்டும்.

இரண்டாவது வழி, ஐ.டி.ஐ. என்னும் தொழிற்பயிற்சி நிலையம். திருவெறும்பூரில் சர்க்கார் நிலையம் இருக்கிறது. வெல்டர் பயிற்சி ஓராண்டு. எட்டாம் வகுப்புத் தேறியவரும் சேரலாம். பிட்டர், எலெக்ட்ரீஷியன் ஆகியவை இரண்டாண்டு. பத்தாம் வகுப்பு வேண்டும். சர்க்கார் நிலையங்களில் படிப்புக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022-ல் தொடங்கிய புதுமைப் பெண் திட்டமும், பையன்களுக்கு 2024-ல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருகின்றன, ஐ.டி.ஐ. மாணவர்களும் அவற்றில் அடக்கம். 2022-ல் தமிழக அரசு டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியுடன் உடன்படிக்கை செய்துகொண்டு, 71 சர்க்கார் நிலையங்களில் ரோபோ இயந்திரம் வரை புதுச் சாதனங்களை நிறுவ ஏற்பாடு செய்தது. பத்தாம் வகுப்புக்குப் பின் இரண்டாண்டுப் பயிற்சி முடித்தவர், மொழிப்பாடத் தேர்வும் எழுதித் தேறினால், பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையான தகுதி பெறுகிறார். கல்லூரிக் கதவு அவருக்கும் திறந்தே இருக்கிறது.

அங்கே என்னதான் கற்பிக்கிறார்கள்? பிட்டர் பயிற்சியின் முதல் நாட்களில் இயந்திரம் ஒன்றும் கிடையாது. ஓர் இரும்புத் துண்டு, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு வைஸ், கையில் ஓர் அரம், சோதிக்க ஒரு மூலைமட்டம். துண்டின் பக்கங்களை அரத்தால் ராவி, ஒன்றுக்கொன்று செங்கோணமாக்க வேண்டும். பார்ப்பதற்குச் சுலபம். ஆனால் அரம் முன்னும் பின்னும் போகும்போது கை சிறிது ஊஞ்சலாடினாலும் இரும்பின் பரப்பு ஆமை முதுகு போல் வளைந்துவிடும். மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால், இடுக்கில் ஒளி கசிந்து குற்றத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். பிறகு வெர்னியர் அளவுகோல். அது ஒரு மில்லிமீட்டரை ஐம்பது பங்காக்கி அதில் ஒரு பங்கைக் காட்டும். மனிதத் தலைமயிரின் தடிமன் இதைப்போல் இரண்டு மூன்று மடங்கு! வகுப்பறையில் தசம பின்னம் என்றால் கொட்டாவி விடுகிற பையன், இங்கே இரண்டாம் தசம ஸ்தானத்துக்காகச் சண்டை போடுகிறான். படிப்பில் மந்தம் என்று பெயர் வாங்கிய பிள்ளைகளிடம் இந்த மாறுதலை நாம் பார்த்திருக்கிறோம். மந்தம் பிள்ளையிடம் இருந்ததா, பாடம் சொன்ன முறையில் இருந்ததா என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

வெல்டிங் இன்னும் கடினமான வித்தை. அனல்மின் நிலையத்துக் கொதிகலனில் சுமார் 540 டிகிரி சென்டிகிரேட் உஷ்ணத்தில், வெகு கடுமையான அழுத்தத்தில், நீராவி ஓடுகிறது. ஆயிரக்கணக்கான குழாய்களின் மூட்டுகள் அதைத் தாங்க வேண்டும். ஒரு மூட்டுக்குள் ஊசிமுனை அளவு காற்றுக் குமிழி தங்கினாலும் அங்கே ஒரு நாள் வெடிப்பு உண்டாகலாம். ஆகவே மனிதனுடைய நெஞ்சுக்கு எடுப்பதுபோல் மூட்டுகளுக்கும் எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கிறார்கள். இந்த வேலையைச் செய்பவர் 1950-ஆம் ஆண்டின் இந்தியக் கொதிகலன் விதிகளின்படி பரீட்சை தேறியிருக்க வேண்டும். பற்றவைப்பு ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் 1975 முதல் திருச்சியில் 'பெல்' நிறுவனத்தைச் சேர்ந்து நடக்கிறது. இத்தகைய வேலையைப் "படிக்காதவன் வேலை" என்று சொல்லுகிறோம்!

மறு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் குறைந்தபோது, 'பெல்' நிறுவனத்தையே நம்பித் துவாக்குடி வட்டாரத்தில் நடந்த சிறு தொழிற்சாலைகள் பல நொடித்துப்போயின. ஒரே வாடிக்கைக்காரரை நம்பிய தொழிலின் கதி அது. பயிற்சி பெற்ற பிள்ளைகள் ஓசூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் போனார்கள். பொன்மலையிலும் இப்படி ஒரு சங்கடம் உண்டு. 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கே அப்ரெண்டிஸ்களை எடுக்கிறார்கள்; பதினைந்து வயது நிரம்பிப் பத்தாம் வகுப்புத் தேறியவர்களில் ஐ.டி.ஐ. படிக்காதவர்களுக்கும் சில தொழில்களில் இடமுண்டு. உதவித்தொகை கிடைக்கும், சான்றிதழ் கிடைக்கும், நல்ல கை கிடைக்கும். ஆனால் பயிற்சி முடிந்ததும் ரயில்வே உத்தியோகம் நிச்சயம் என்று சட்டம் சொல்லவில்லை. "பையன் ரயில்வேயில் சேர்ந்துவிட்டான்" என்று சர்க்கரை வழங்கும் பெற்றோர்கள் இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

இவையெல்லாம் பத்தாம் வகுப்புக்குப் பின் வருபவை. அதற்கு முன்னாலேயே ஒரு காரியம் நடக்க வேண்டும் என்பது நமது உறுதியான அபிப்பிராயம். ஒன்பதாம் வகுப்பிலேயே, மதிப்பெண் பாராமல், ஒவ்வொரு பிள்ளையும் மூன்று நான்கு தொழில்களைச் சில வாரங்கள் வீதம் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒரு மாதம் மரவேலை. ஒரு மாதம் மின்சாரம். ஒரு மாதம் தோட்டம். திருச்சியில் வாழை ஆராய்ச்சிக்கென்றே தேசிய மையம் ஒன்று 1993 முதல் இருக்கிறது. ஸ்ரீரங்கத்துத் தீவைச் சுற்றி வாழைத் தோப்புகள். ஆனால் திசு வளர்ப்பு வாழைக்கன்று எப்படிப் பிறக்கிறது என்று நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்? சுவிட்சர்லாந்தில் கட்டாயக் கல்வி முடித்த இளைஞரில் சுமார் மூன்றில் இரு பங்கினர் தொழிற்பயிற்சிக்கே போகிறார்கள். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் பள்ளி, மற்ற நாள் பட்டறை. அவர்களுக்கு முன்னாலேயே எட்டு, ஒன்பதாம் வகுப்புகளில் சில நாட்கள் தொழிற்சாலைகளில் இருந்து பார்க்கும் வழக்கம் உண்டு. பார்த்த பிறகு "இது எனக்கு வேண்டாம்" என்று சொல்லவும் அவர்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த "வேண்டாம்" மிகவும் மலிவான பாடம். நம் ஊரில் அதே பாடத்தைப் பொறியியல் கல்லூரியின் மூன்றாம் ஆண்டில், லட்சக்கணக்கில் கடன் பட்டு, கற்றுக்கொள்கிறார்கள்.

2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்புக்குள் பத்து நாட்கள் புத்தகப் பை இல்லாமல் தொழிலாளர்களிடம் பழகலாம் என்கிறது. அதில் குலக்கல்வியின் வாடை வீசுகிறது என்று தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. தமிழக அரசு 2022-ல் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம், மேல் வகுப்பு மாணவர்களுக்கு என்னென்ன படிப்புகள் உண்டு என்று எடுத்துச் சொல்லுகிறது. சொல்லுவது நல்லதே. கையில் கருவியைக் கொடுப்பது இன்னும் நல்லது. யார் கையில் எந்தக் கருவி என்பதைப் பிறப்பு முடிவு செய்யாதவரையில், அதற்கு எந்தக் கட்சியார் பெயர் வைத்தாலும் நமக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த ஆண்டு பிள்ளையைத் தொழிற்பயிற்சிக்கு அனுப்ப நினைக்கும் நேயர்கள், விண்ணப்பம் கொடுப்பதற்கு முன் நேரில் ஒரு முறை போய்ப் பார்க்கட்டும். பிள்ளையையும் அழைத்துக்கொண்டு, வேலை நாளில், காலை வேளையில் போக வேண்டும். கடைசல் இயந்திரங்களில் எத்தனை ஓடுகின்றன என்று எண்ணிப் பார்க்கலாம். நிலையத்துக்கும் அந்தப் பாடத்துக்கும் உரிய அங்கீகாரம் உண்டா என்று விசாரிக்க வேண்டும். தனியார் நிலையங்களில் இதை எழுத்து மூலமாகவே கேட்க வேண்டும். சென்ற ஆண்டு முடித்துப்போன பையன்கள் எங்கே வேலை பார்க்கிறார்கள் என்று பயிற்சி ஆசிரியரைக் கேட்டால், நல்ல ஆசிரியர் பெயர் பெயராகச் சொல்லுவார். பெண்ணாயிருந்தால் கழிப்பிடம் எப்படியிருக்கிறது, மாலையில் பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் பார்த்துவிட வேண்டும். இதற்கெல்லாம் அரை நாள் ஆகும். அந்த அரை நாளில் பிள்ளை எந்த இயந்திரத்தின் பக்கத்தில் அதிக நேரம் நின்றான் என்பதையும் கவனித்து வையுங்கள்.