எந்த விமானத்தைப் பழகுவது?

‘பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்ட மாட்டான்’ என்பது நம் பழமொழி. தச்சனுக்காகச் சொன்ன இம்மொழி, கணினியின் முன் அமர்ந்து போர் விமானம் ஓட்டப் பழகும் இளைஞர்களுக்கும் நன்கு பொருந்துகிறது. சிமுலேட்டரைத் திறந்ததும் இரண்டாம் உலகப் போர்க்காலச் சுழல்விசிறி விமானங்கள் முதல் ஒலியை மிஞ்சும் ஜெட் விமானங்கள் வரை வரிசையாக வந்து நிற்கின்றன. திங்கட்கிழமை ஒன்று, புதன்கிழமை மற்றொன்று என்று ஏறி இறங்குவோர் பலர். ஓராண்டு கழித்துக் கேட்டால் பத்து விமானங்களைக் கிளப்பத் தெரிந்திருக்கும். ஒன்றைக்கூட ஒழுங்காகத் தரையிறக்கத் தெரிந்திராது. எந்த விமானத்தைத் தேர்ந்தெடுப்பது, அதை எந்த வரிசையில் கற்பது என்னும் இரு கேள்விகளுக்கும் விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சிமுலேட்டர் பிறந்த கதை

அமெரிக்காவின் பிங்காம்டன் நகரில் இசைக்கருவித் தொழிற்சாலை நடத்தியவரின் மகன் எட்வின் லிங்க். ஆர்கன் என்னும் இசைக்கருவிக்குக் காற்றூதும் துருத்திகளைக் கொண்டே, சாய்ந்தும் திரும்பியும் அசையும் ஒரு சிறு விமானப் பெட்டியை அவர் 1929இல் செய்து முடித்தார். தொடக்கத்தில் அது பொழுதுபோக்குப் பூங்காக்களில் வேடிக்கைப் பொருளாக இருந்தது. 1934இல் அமெரிக்க இராணுவ விமானப் பிரிவு தபால் சுமக்கும் பணியை ஏற்றது. மேகத்திலும் இரவிலும் கருவிகளை மட்டுமே பார்த்துப் பறக்கப் போதிய பயிற்சி இல்லாத விமானிகள் பலர் சில வாரங்களிலேயே விபத்துகளில் மாண்டனர். அவ்வாண்டிலேயே அப்பிரிவு லிங்க் பெட்டிகள் ஆறினை வாங்கியது. பின்னர் இரண்டாம் உலகப் போரில் இலட்சக்கணக்கான விமானிகள் அப்பெட்டியில் பயின்றனர். உயிரிழப்பைத் தவிர்க்க வேண்டும் என்ற தேவையே சிமுலேட்டரை வளர்த்தது என்பதை நாம் மறத்தலாகாது.

வீட்டுக் கணினிக்கு வந்த சிமுலேட்டர்களில் 1998இல் வெளியான ஃபால்கன் 4.0, 2001இல் வெளியான ஐ.எல்.-2 ஷ்தூர்மோவிக், 2012இல் இப்பெயரில் வெளியான டி.சி.எஸ். வேர்ல்டு ஆகியவை குறிப்பிடத்தக்கவை. சாதாரண விளையாட்டில் பொத்தானை அழுத்தினால் விமானம் பறக்கும், அவ்வளவே. நல்ல சிமுலேட்டரோ, இறக்கையின் மேல் ஓடும் காற்றையும் எரிபொருளின் எடையையும் எஞ்சினின் வெப்பத்தையும் நொடிக்கு நொடி கணக்கிடுகிறது. விமானத்தின் குறைகளையும் அது மறைப்பதில்லை. சான்றாக, 1940ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயர் விமானத்தின் மூக்கைச் சட்டென்று தாழ்த்தினால் கார்புரேட்டரில் எரிபொருள் ஓட்டம் தடைப்பட்டு எஞ்சின் இருமும். எதிரியான ஜெர்மானிய மெஸ்ஸர்ஷ்மிட் 109இல் எரிபொருள் நேரே பீய்ச்சப்பட்டதால் அக்குறை இல்லை. பியாட்ரிஸ் ஷில்லிங் என்னும் பெண் பொறியாளர் 1941இல் ஒரு சிறு துளையிட்ட தகட்டைப் பொருத்தி இக்குறையைப் பெருமளவு தணித்தார். இத்தகைய நுணுக்கங்கள் இருப்பதனால்தான் சிமுலேட்டரில் ஒரு விமானத்தைக் கற்க மாதங்கள் ஆகின்றன.

புதியது எளிதா, பழையது எளிதா?

புதிதாக வருவோர் பெரும்பாலும் மிகப் புதிய, மிக வேகமான விமானத்தையே நாடுகின்றனர். ‘சிறந்த விமானம் இருந்தால் வெற்றி நிச்சயம்’ என்பது அவர்கள் எண்ணம். இங்கே ஒரு வேடிக்கை உண்டு. புதிய விமானங்கள் ஓட்டுவதற்கு எளியவை, போரிடுவதற்கு அரியவை. பழைய விமானங்களோ போரிடும் கருவிகளில் எளியவை, ஓட்டுவதற்கு அரியவை.

எஃப்-16 விமானத்தை எடுத்துக் கொள்வோம். அதில் விமானியின் கைக்கும் இறக்கைக்கும் நடுவே ஒரு கணினி இருக்கிறது. வேகம் குறைந்து விமானம் தடுமாறும் நிலைக்குப் போகாதபடி அது பெரும்பாலும் காத்துக் கொள்கிறது. எனவே அரைமணி நேரத்தில் அதை வானில் ஓட்டிவிடலாம். ஆனால் ராடாரின் பல முறைகள், ஏவுகணை வகைகள், திரைகளில் புரளும் பக்கங்கள், கைப்பிடியில் உள்ள பொத்தான்களின் வெவ்வேறு பொருள்கள் ஆகியவற்றைக் கற்று முடிக்கப் பல வாரங்கள் செல்லும்.

ஸ்பிட்ஃபயரில் ராடாரும் இல்லை, ஏவுகணையும் இல்லை. குறிபார்க்கும் கண்ணாடியும் துப்பாக்கிகளும்தாம் உண்டு. ஆனால் எஞ்சினை முடுக்கிய உடனே விமானம் ஓடுதளத்தை விட்டு ஒரு பக்கமாக இழுத்துச் செல்லும். சுக்கானை மிதித்து அதை நேராக்கத் தெரியாதவர் தரையை விட்டே எழும்ப முடியாது.

ஆகவே ‘எது சிறந்த விமானம்?’ என்று கேட்பதைவிட, ‘எந்த வகைக் கடினத்தைக் கற்க எனக்கு விருப்பம்?’ என்று கேட்பதே பொருத்தம். கைத்திறனை விரும்புவோர்க்குப் பழைய விமானம். கருவிகளையும் திட்டமிடுதலையும் விரும்புவோர்க்குப் புதிய விமானம்.

தேர்வுக்கு மூன்று கேள்விகள்

முதற்கேள்வி, விமானம் செய்யும் பணி என்ன என்பது. வானில் பிற விமானங்களோடு மோதுவது ஒரு பணி. தரையில் உள்ள டாங்கிகளைத் தாக்குவது வேறொரு பணி. கப்பலின் மேல்தளத்தில் இறங்குவது மற்றொரு பணி. ஏ-10 தரைத் தாக்குதலுக்கென்றே கட்டப்பட்டது. எஃப்/ஏ-18 எல்லாப் பணியும் செய்யும். ஆனால் எல்லாப் பணியையும் நாம் கற்க வேண்டியிருக்கும்.

இரண்டாம் கேள்வி, வாரத்தில் எத்தனை மணி நேரம் ஒதுக்க முடியும் என்பது. பாடமும் தேர்வும் உள்ள மாணவனுக்கு வாரம் மூன்று மணி நேரம் கிடைத்தால் அதுவே மிகுதி. அவ்வளவில் நவீன ஜெட்டின் கருவிகளைக் கற்றால், ஒரு வாரம் கற்றது மறுவாரம் மறந்துபோகும். எளிய கருவிகள் உள்ள விமானமே அவனுக்கு ஏற்றது.

மூன்றாம் கேள்வியைப் பலர் கேட்பதே இல்லை. எதிரே வரப்போகும் விமானம் எது? ஒரு விமானத்தின் தன்மை, அதன் காலத்து எதிரியோடு மோதும்போதுதான் விளங்கும். கொரியப் போரில் மோதிய அமெரிக்க எஃப்-86 சேபரும் சோவியத் மிக்-15உம் இதற்கு நல்ல சான்று. மிக்-15 எடை குறைந்தது, விரைந்து மேலேறும். அதன் 37 மி.மீ. பீரங்கி ஒன்றும் 23 மி.மீ. பீரங்கி இரண்டும் ஒரே அடியில் பெருஞ்சேதம் விளைப்பவை. ஆனால் மெதுவாகச் சுடுபவை. சேபரில் 12.7 மி.மீ. துப்பாக்கிகள் ஆறு, அடி சிறியது, ஆனால் குண்டுகள் மழையாகப் பொழியும். ஒலிவேகத்தை நெருங்கும்போது மிக்கின் கைப்பிடி இறுகும். சேபர் அப்போதும் சொன்னபடி கேட்கும். இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்து மற்றதோடு மோதிப் பார்ப்பவர், போர் விமானக் கலையின் அடிப்படை முழுவதையும் கற்றுவிடலாம்.

பணம் பற்றியும் ஒரு சொல். டி.சி.எஸ். வேர்ல்டில் சுகோய்-25டி என்னும் தரைத்தாக்குதல் விமானமும், மஸ்டாங்கின் பயிற்சி வடிவமான டி.எஃப்.-51டியும் விலையின்றியே கிடைக்கின்றன. பின்னதில் ஆயுதமே கிடையாது. ஆயுதம் இல்லை என்று சலித்துக்கொள்ள வேண்டாம். சுடுவதற்கு ஒன்றும் இல்லாதபோதுதான் மனம் பறப்பதில் நிற்கும். விலை குறைந்த ஜாய்ஸ்டிக் ஒன்று, அதன் பிடியைத் திருகினால் சுக்கான் அசையும் வகையில் இருந்தால், தொடக்கத்துக்குப் போதுமானது.

கற்கும் வரிசை

விமானத்தைத் தேர்ந்தபின் முதலில் செய்ய வேண்டியது, அணைந்து கிடக்கும் எஞ்சினைக் கிளப்பக் கற்பதாகும். இதைச் சூத்திரம்போல் மனப்பாடம் செய்வோர் உண்டு; அது பயனற்றது. மின்கலம் ஏன் முதலில், எரிபொருள் பம்பு ஏன் அடுத்து, ஜெனரேட்டர் ஏன் எஞ்சின் ஓடியபின் என்று காரணம் கேட்டுக் கற்றால், எந்த விமானத்துக்குப் போனாலும் அவ்வறிவு உதவும்.

இரண்டாவது, நேராகவும் சீராகவும் பறத்தல். ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் ஐந்து நிமிடம் பறந்து பாருங்கள். பின்பு உயரம் மாறாமல் ஒரு முழு வட்டம் அடித்துப் பாருங்கள். கேட்க எளிது; செய்ய அரிது.

மூன்றாவது, தரையிறங்குதல். இதுவே உண்மையான தேர்வு. ஒவ்வொரு விமானமும் இங்கேதான் தன் குணத்தைக் காட்டுகிறது. நம் விமானப் படையில் 1963 முதல் 2025 வரை பணியாற்றிய மிக்-21ஐப் பாருங்கள். சிறிய முக்கோண இறக்கை கொண்ட அவ்விமானம் மிகுந்த வேகத்தில்தான் இறங்கும். அதன் பிற்கால வடிவங்களில் எஞ்சினிலிருந்து காற்றை எடுத்து இறக்கை மடிப்புகளின் மேல் ஊதித் தூக்குவிசையைப் பெருக்கினர். ஆகவே தரையைத் தொடுமுன் எஞ்சினை முற்றிலும் தணித்தால் அக்காற்றும் நின்று, விமானம் தொப்பென்று விழும். கப்பலில் இறங்கும் எஃப்/ஏ-18க்கோ விதி வேறு. மூக்கின் கோணத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு, இறங்கும் பாதையை எஞ்சின் விசையால் திருத்த வேண்டும். இருபது முறை தொடர்ந்து பழுதின்றி இறங்கிய பிறகே ஆயுதங்களைத் தொடுவது என்று விதி வைத்துக்கொள்வது நல்லது.

நான்காவதாக ஆயுதம், அதுவும் ஒன்றே ஒன்று. அது கைவந்தபின் அடுத்தது.

உயரமும் வேகமும்

வான்போரின் இலக்கணத்தை ஒரு சேமிப்புக் கணக்காகக் கொள்ளலாம். உயரம் வங்கியில் உள்ள பணம். வேகம் கையில் உள்ள ரொக்கம். கீழே பாய்ந்தால் உயரம் வேகமாகும். மேலே ஏறினால் வேகம் உயரமாகும். கடுமையாகத் திரும்புவது செலவு. 1960களில் அமெரிக்க விமானப் படையின் ஜான் பாய்டும் கணித அறிஞர் தாமஸ் கிறிஸ்டியும் இதைக் கணக்காகவே வகுத்தனர்.

இயற்பியல் மாணவர்கள் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 720 கி.மீ. என்பது வினாடிக்கு 200 மீட்டர். காற்றின் தடையை விட்டுவிட்டால், அவ்வேகம் ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்துக்குச் சமம். வேகம் பாதியாகிவிட்டால் மிஞ்சுவது 1,000 மீட்டர் அன்று; 500 மீட்டரே. ஆற்றல் வேகத்தின் இருமடியைப் பொறுத்தது அன்றோ! பரபரப்பில் கைப்பிடியை இழுத்து இரண்டு வட்டம் அடிப்பவர் தம் முதலில் முக்கால் பங்கை இழந்து நிற்பது இப்படித்தான்.

தீக்குச்சிகள் கற்பித்த பாடம்

தாழ்ந்த விமானம் கிடைத்தவன் தோற்றே தீர வேண்டுமா? 1941இல் ஜப்பானின் ஜீரோ விமானத்தைப் பற்றிய செய்திகள் அமெரிக்கக் கடற்படை விமானி ஜான் தாச்சுக்கு எட்டின. தம்மிடமிருந்த வைல்டுகேட் விமானம் மேலேறுவதிலும் திரும்புவதிலும் அதற்கு ஈடாகாது என்று அவர் உணர்ந்தார். இரவில் வீட்டு மேசையின் மேல் தீக்குச்சிகளை விமானங்களாகப் பரப்பி வழி தேடினார். இரு விமானங்கள் இடைவெளி விட்டு இணையாகப் பறக்க வேண்டும். ஒன்றின் பின்னால் எதிரி வந்தால் இரண்டும் ஒன்றையொன்று நோக்கித் திரும்ப வேண்டும். துரத்தும் எதிரி தோழனின் துப்பாக்கிக்கு நேரே வந்து நிற்பான். 1942 ஜூனில் மிட்வே போரில் இம்முறை பயன்பட்டது.

தன் விமானத்தால் எது முடியாது என்று தெளிவாக அறிந்ததே தாச்சின் பலம். அத்தெளிவு ஒரே விமானத்தோடு நெடுநாள் பழகினால்தான் வரும். பத்து விமானங்களை மேலோட்டமாக அறிந்தவர், தோல்வி வந்தபோது விமானத்தைக் குறை கூறி வேறொன்றுக்கு மாறுவார். தோல்வி அவரோடு கூடவே செல்லும்.

ஒன்றில் தேர்ந்தபின் இரண்டாவதைக் கற்பது விரைவில் முடியும். ஆற்றல் கணக்கு மாறுவதில்லை. இறங்கும் பொறுமை மாறுவதில்லை. மாறுபவை சிலவே. அமெரிக்க விமானங்களில் அடியும் நாட்டும். சோவியத் விமானங்களில் மீட்டரும் கிலோமீட்டரும். சில சோவியத் விமானங்களின் சாய்வுகாட்டும் கருவியில் அடிவானக் கோடு சாய்வதில்லை. விமானச் சின்னமே சாயும். இவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்வது நலம்.

சிமுலேட்டர் கற்பிக்காதது

இறுதியாக ஒன்று. ஒன்பது மடங்கு ஈர்ப்பு விசையில் திரும்பும்போது 60 கிலோ எடையுள்ள விமானியின் உடல் 540 கிலோ போல் அழுந்தும். சிமுலேட்டரில் திரை சற்றே இருளும், அவ்வளவுதான். அங்கே விழுந்தால் ஒரு பொத்தானை அழுத்தி மீண்டும் ஓடுதளத்தில் நிற்கலாம். மிக்-21இல் பயிற்சியின்போதே உயிர்நீத்த நம் விமானிகளுக்கு அந்தப் பொத்தான் இல்லை. மேசைமேல் எத்தனை வெற்றி பெற்றாலும் நாம் விமானியாகிவிட்டதாகக் கருதுவதோ, போரை விளையாட்டாக எண்ணுவதோ தகாது. உண்மை விமானிகள் எத்தனை கட்டுப்பாட்டுடன் உழைக்கின்றனர் என்பதை அறிய ஒரு சாளரம் கிடைக்கிறது என்று கொள்வதே முறை.

ஆர்வமுள்ள மாணவ நண்பர்கள் ஓர் எளிய விமானத்தைத் தேர்ந்து, ஒரு பருவம் முழுவதும் அதை மட்டுமே ஓட்டிப் பார்க்கட்டும். ஒவ்வொரு முறையும் எங்கே இறங்கினோம், எது பிழைத்தது என்று இரண்டு வரி எழுதி வரட்டும். பருவத்தின் முடிவில் அக்குறிப்பேடே அவர்களுக்கு அடுத்த விமானத்தைச் சொல்லும்.