கோல்கொண்டா மன்னர்களின் இறுதி நீராட்டு: ‘ஹம்மாம்’ மண்டபத்தின் வரலாறு என்ன?

ஹைதராபாத்: கோல்கொண்டா கோட்டையை ஆண்ட குதுப் ஷாஹி மன்னர்கள் மறைந்தபோது, அவர்களது உடல்கள் நேராக அடக்கம் செய்யப்படவில்லை. கோட்டைக்கு வடக்கே உள்ள கல்லறை வளாகத்தில், ‘ஹம்மாம்’ எனப்படும் குளியல் மண்டபத்தில் இறுதி நீராட்டு நடைபெற்ற பின்னரே அவை அடக்கம் செய்யப்பட்டதாகக் கூறப்படுகிறது.

மண்டபத்தின் அமைப்பு

குதுப் ஷாஹி வம்சத்தைத் தோற்றுவித்த சுல்தான் குலி காலத்தில் இம்மண்டபம் கட்டப்பட்டதாகக் கருதப்படுகிறது. இதன் நடுவே பன்னிரண்டு முனைகளைக் கொண்ட மேடை உள்ளது. ஷியா பிரிவினர் போற்றும் 12 இமாம்களை இது குறிப்பதாக விளக்கம் அளிக்கப்படுகிறது. வெந்நீருக்கும் குளிர்நீருக்கும் தனித்தனித் தொட்டிகள் உள்ளன.

ரோமானியரிடமிருந்து தக்காணம் வரை

கோட்டையை ஒட்டிக் குளியல் மண்டபம் அமைக்கும் வழக்கம் ரோமானியரிடமும் இருந்தது. பிரிட்டனில், ஹாட்ரியன் சுவரை ஒட்டிய செஸ்டர்ஸ் எல்லைக் கோட்டையில், மதிலுக்கு வெளியே ஆற்றங்கரையில் வீரர்களுக்கான குளியல் மண்டபத்தின் எச்சங்களை இன்றும் காணலாம். சிறு தூண்களின் மீது தளம் அமைத்து, அதனடியில் உலையின் வெப்பக் காற்றைச் செலுத்துவது ரோமானியர் கையாண்ட முறை. பைசாந்தியப் பேரரசின் வழியே மேற்கு ஆசியாவை அடைந்த இக்குளியல் மரபே, ‘ஹம்மாம்’ என்ற பெயரில் பாரசீகப் பண்பாட்டுடன் தக்காணத்திற்கும் வந்தது.

நீரும் பாதுகாப்பும்

கல்லறை வளாகத்தின் நீர்த் தேவையைப் படிக்கிணறுகள் நிறைவு செய்தன. அவற்றுள் பெரியதான ‘படீ பாவலி’யின் சுவர் 2013ஆம் ஆண்டு மழையில் இடிந்து விழுந்தது. அதே ஆண்டு தொடங்கிய ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளையின் புனரமைப்புத் திட்டத்தில் அது சீரமைக்கப்பட்டது. கோல்கொண்டா படிக்கிணறுகளின் சீரமைப்புக்கு 2022இல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. ஹம்மாம் மண்டபமும் இத்திட்டத்தில் புதுப்பிக்கப்பட்டது. வளாகம் முழுவதற்குமான பணிகள் 2024இல் நிறைவடைந்தன.

கோட்டை, கல்லறைகள், சார்மினார் ஆகிய மூன்றும் 2010 முதல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான இந்தியாவின் உத்தேசப் பட்டியலில் உள்ளன.

கடைசி மன்னர்

1687இல் சுமார் எட்டு மாத முற்றுகைக்குப் பின், உள்ளிருந்தே கதவு திறந்துவிடப்பட்டதால் கோட்டை ஔரங்கசீப்பின் படையிடம் வீழ்ந்தது. கடைசி மன்னர் அபுல் ஹசன் தானா ஷா தௌலதாபாத் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு அங்கேயே இறந்தார். குல்தாபாத்தில் அடக்கம் செய்யப்பட்டார். முன்னோர்க்குக் கிடைத்த ஹம்மாம் நீராட்டு அவருக்குக் கிடைக்கவில்லை.