பனிக்கட்டியும் காப்பியும்

கோடை வந்துவிட்டால், சுடச்சுடக் காப்பி குடித்துப் பழகிய தமிழ் மாணவனும் குளிர்ந்த காப்பியை நாடுகிறான். ஊரிலிருந்து வந்த நல்ல தூளைப் போட்டும் அது சப்பென்றிருக்கிறது. பழி தூளின்மேல் விழுகிறது. உண்மையில் காரணம் வேறு.

பனிக்கட்டி எப்படிக் குளிர்விக்கிறது? தான் குளிர்ந்திருப்பதனால் மட்டுமன்று; பெரும்பாலும் உருகுவதனாலேயே. 0 டிகிரியிலுள்ள 1 கிராம் கட்டி நீராக மாற ஏறத்தாழ 80 காலரி வெப்பம் வேண்டும். இதனை உள்ளுறை வெப்பம் என்பர். அந்த வெப்பத்தைக் காப்பியிடமிருந்தே அது வாங்கிக்கொள்கிறது. ஆகவே குளிர்ச்சிக்கு நாம் கொடுக்கும் விலை, காப்பியில் கலக்கும் தண்ணீர்!

கணக்கைப் பாருங்கள். 80 டிகிரிச் சூட்டிலுள்ள 200 கிராம் காப்பியை 5 டிகிரிக்குக் கொண்டுவர 15,000 காலரியை நீக்கவேண்டும். அதற்கு ஏறத்தாழ 176 கிராம் கட்டி உருகியாக வேண்டும். காப்பியில் கிட்டத்தட்டப் பாதி தண்ணீராகிவிடுகிறது. அதே காப்பியை முதலில் 30 டிகிரிக்கு ஆறவிட்டால் 59 கிராம் போதும். 10 டிகிரி வரை குளிர்பெட்டியில் வைத்தால் 12 கிராமே போதும்.

சுடுகாப்பியில் கட்டியைக் குறைத்துப் போட்டால் என்ன? 60 கிராம் முழுவதும் உருகிய பின்னும் காப்பி 43 டிகிரியில் நிற்கும். சூடும் இல்லை, குளிர்ச்சியும் இல்லை.

தண்ணீர் மட்டுமன்று, குளிர்ச்சியும் சுவையை மாற்றுகிறது. மணந்தரும் பொருள்கள் குளிரில் குறைவாகவே ஆவியாகி மூக்கை எட்டுகின்றன. நாவின் இனிப்புணர்ச்சியும் மங்குகிறது. சுவை அணுக்களிலுள்ள ஒரு புரதம் வெதுவெதுப்பில் ஊக்கமாகவும் குளிரில் மந்தமாகவும் இயங்குவதே இதற்குக் காரணம் என 2005-இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. சர்க்கரையும் குளிரில் மெல்லவே கரையும்; பாதி அடியில் தங்கிவிடும்.

இனிச் செய்முறை. டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கிச் சூடாயிருக்கும்போதே சர்க்கரையைக் கரையுங்கள். வழக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே போடலாம். காய்ச்சிய பாலையும் டிகாக்ஷனையும் தனித்தனியே குளிரவைத்துக் கலந்து, கடைசியில் பெரிய கட்டிகளாகப் போடுங்கள். பொடித்த பனிக்கட்டி விரைவில் உருகிவிடும். டிகாக்ஷனையே கட்டியாக உறையவைத்துப் போட்டால், உருகினாலும் காப்பியே சேரும்.

ஒன்றை மறவாதீர். உறைவதனால் நோய்க்கிருமிகள் எல்லாம் மடிவதில்லை. கொதித்தாறிய நீரில், மூடிய தட்டில் உறையவைத்த கட்டியே நல்லது. வெங்காய வாடையும் அதில் ஏறாது. சுவைக்காகக் கொள்ளும் இவ்வெச்சரிக்கை உடல்நலத்துக்கும் காப்பாகும்.