மறதி நோய்: பேணவும் கற்க வேண்டும்

“இப்பத்தானே அத்தை சாப்பிட்டீங்க!” கொல்லிமலையின் பைல் நாட்டில் ஒரு மருமகள் இப்படிக் குரலை உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். சாப்பிட்டது மாமியாருக்கு நினைவில்லை. சற்று நேரத்தில் மருமகள் சொன்னதும் மறந்துவிடும். ஆனால் கடிந்துகொண்டதால் வந்த வருத்தம் மட்டும் மனத்தில் தங்கியிருக்கும்.

இதற்கான காரணம் மூளையில் இருக்கிறது. டிமென்ஷியா எனும் மறதி நோயில் பரவலாகக் காணப்படும் வகை அல்சைமர். புதிய நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியை அது பெரும்பாலும் தொடக்கத்திலேயே தாக்குகிறது. காலையில் நடந்தது பதியாது. இளவயது அறுவடை பளிச்சென்று நினைவிருக்கும். உணர்ச்சிக்கும் கைப்பழக்கத்துக்கும் உரிய பகுதிகள் வேறு. கைப்பழக்கம் பிந்தியே தளரும். இன்று என்ன கிழமை என்று சொல்லத் தெரியாத பாட்டியிடம் முறத்தில் சாமையைக் கொட்டிக் கொடுத்தால், உமியைப் புடைத்துத் தள்ளிவிட்டுக் கல்லையும் பொறுக்கி எடுத்துவிடக்கூடும்.

நல்ல பராமரிப்பு இந்த மிச்சமிருக்கும் திறன்களிலிருந்தே தொடங்குகிறது. பசி என்றால் வாதாடாமல் ஒரு வாழைப்பழம் கொடுக்கலாம். “என்ன வேணும்?” என்பதைவிட “களியா, சோறா?” என்று கேட்டால் பதில் சொல்வது எளிது. குளிக்க மறுத்தால் இழுத்துப்போகக் கூடாது. செம்பைக் கையில் கொடுத்து, “கால்ல ஊத்துங்க, இப்ப கையில” என்று ஒவ்வொன்றாகச் சொல்ல வேண்டும். மறதி நோயுள்ளவர் திடீரென்று பிதற்றினாலோ முரண்டு பிடித்தாலோ நோய் முற்றிவிட்டது என்று விட்டுவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், வாயால் சொல்ல முடியாத வலி என்று சரிசெய்யக்கூடிய காரணங்கள் இருக்கலாம்.

2023இல் வெளியான தேசிய ஆய்வின்படி, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதத்தினருக்கு, ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு, மறதி நோய் இருக்கிறது. நகரங்களைவிடக் கிராமங்களிலும், ஆண்களைவிடப் பெண்களிடமும் இது அதிகம். ஆனால் “வயசானா அப்படித்தான்” என்பதோடு பல வீடுகளில் பேச்சு முடிந்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவரை எழுத்துத் தேர்வை வைத்து அளக்கவும் முடியாது. ‘10/66’ ஆய்வுக் குழு, வேலூர், சென்னை உள்ளிட்ட இடங்களில் ஆய்வு நடத்தி, பள்ளிக்குப் போகாதவர்களுக்கும் பொருந்தும் கண்டறியும் முறையை உருவாக்கியது இதற்காகத்தான்.

பராமரிப்பைக் கற்றுத்தர முடியுமா? கோவாவில் மருத்துவர்கள் அமித் டயஸ், விக்ரம் படேல் குழுவினர் முடியும் என்று காட்டினார்கள். மருத்துவப் படிப்பு இல்லாத உள்ளூர்க்காரர்களுக்குக் குறுகிய காலப் பயிற்சி அளித்து 81 குடும்பங்களிடையே ஆய்வு நடத்தினார்கள். ஒரு பிரிவினரின் வீடுகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் ஆறு மாதம் சென்று நோயை விளக்கினார்கள். முரண்டை எதிர்கொள்ளும் வழியைச் சொல்லிக் கொடுத்தார்கள். மனநல மருத்துவர் பின்னின்று உதவினார். பராமரிப்பவர்களின் மனநலம் தேறியது என்று 2008இல் முடிவுகள் வெளியாகின. சென்னையில் ஸ்கார்ஃப் எனும் மனநல அமைப்பு, உரையாடலும் நினைவூட்டலும் கொண்ட குழுப் பயிற்சியைத் தமிழ்ச் சூழலுக்கேற்ப வடிவமைத்திருக்கிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து நோயாளியை அடிக்கடி மலையிறக்குவது பெரும்பாடு. உதவிதான் வீடு தேடி வர வேண்டும். தமிழக அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெண் சுகாதாரத் தன்னார்வலர்கள் ரத்த அழுத்த, சர்க்கரை மாத்திரைகளை வீட்டிலேயே கொடுக்கிறார்கள். அந்த இரண்டையும் கட்டுக்குள் வைப்பதே மறதி நோயின் அபாயத்தைக் குறைக்கும். வாசல்வரை வரும் அவர்களுக்கு மறதி நோயை அடையாளம் காணவும் பராமரிப்பைச் சொல்லித்தரவும் பயிற்சி கொடுப்பதே அடுத்த படி.

குடும்பத்திலும் ஒருவர் தலையிலேயே சுமை விழக் கூடாது. மகன் ஒரு வேளை சோறூட்டட்டும். பேரன் மாலையில் கூட நடக்கட்டும். மருமகள் நிம்மதியாகத் தூங்கி எழுவதும் அந்த முதியவருக்கான வைத்தியத்தில் ஒரு பகுதிதான்.