திறந்த அணுக்கமும் ஆய்வாளர் தயக்கமும்

ஆராய்ச்சியின் பயன், அதனைப் பிறர் கற்று, ஏற்றோ மறுத்தோ மேலும் ஆராய்வதில் உள்ளது. ஆதலின், ஆய்வுக் கட்டுரை கற்பார் கைக்கு எட்டும் நெறி யாது என்பதும் ஆராய்ச்சியாளர் எண்ணற்குரிய பொருளேயாம். அந்நெறிகளுள் ஒன்றாகிய திறந்த அணுக்கம் பற்றி நம்மிடையே நிலவும் கருத்துகளை ஈண்டு நோக்குவாம்.

2002-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் வெளியான புடாபெஸ்டு அறிக்கை இத்தொடருக்கு வரையறை தந்தது. அதன்படி, ஆய்வுக் கட்டுரையை எவரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கலாம்; படியெடுக்கலாம்; பிறர்க்கு வழங்கலாம். ஆயினும், ஆசிரியர் பெயரைச் சுட்டுதலும் அவர் எழுதியதைச் சிதையாமற் காத்தலும் வேண்டும். இதனை எய்த இரு வழிகளை அவ்வறிக்கை கூறிற்று: ஆசிரியர் தம் கட்டுரைப் படியைப் பொதுக் களஞ்சியத்தில் தாமே வைத்தல் ஒன்று, திறந்த அணுக்க இதழ்களில் வெளியிடுதல் மற்றொன்று.

கட்டணமின்றிக் கற்கும் வாய்ப்புத் தமிழாய்வாளர்க்குப் புதியதன்று. 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் வழிப் பழந்தமிழ் நூல்களையும், 2005-இல் தோன்றிய நூலகம் திட்டத்தின் வழி ஈழத்து நூல்களையும் இதழ்களையும் அவர்கள் பெற்றுவருகின்றனர். எனினும், கற்போராக இருந்து இதனைப் போற்றுவோருட் சிலர், எழுதுவோராகுங்கால் தயங்குகின்றனர்.

அத்தயக்கத்திற்குக் காரணம் மூன்று எனலாம். விலையின்றிக் கிடைப்பது தரங்குறைந்தது என்பது முதலாவது. தரத்தை உறுதிசெய்வது துறையறிஞர் மதிப்பீடே; விலையன்று. பொருள் பெற்றுக்கொண்டு எதனையும் வெளியிடும் போலி இதழ்கள் உளவேனும், அவற்றின் குற்றம் மதிப்பீடு இன்மையே; திறந்திருத்தல் அன்று. கருத்தைப் பிறர் கவர்வர் என்பது இரண்டாவது. யாவரும் காண நாள் குறித்து வைக்கப்பெற்ற கட்டுரையே, அக்கருத்து யாருடையது என்பதற்குத் தக்க சான்றாகும். ஆசிரியரே கட்டணம் செலுத்த நேரும் என்பது மூன்றாவது. அவ்வாறு பெறும் இதழ்கள் உண்டு; பெறாதனவும் பல உண்டு. களஞ்சியத்தில் வைத்தற்கோ பொதுவாகக் கட்டணம் இல்லை. பதிப்பாளரோடு செய்த உடன்படிக்கை அதற்கு இடந்தருகின்றதா என்பதை மட்டும் முன்னரே நோக்குதல் வேண்டும்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009-ஆம் ஆண்டு விதிகள், முனைவர் பட்ட ஆய்வேடுகளின் மின்படியை ஒப்படைக்குமாறு பணித்தன. அவ்வாறு பெறப்பட்ட ஏடுகள் பலவற்றைச் சோத்கங்காக் களஞ்சியத்தில் எவரும் கற்கலாம். மாணவர் ஏடு உலகறியத் திறந்திருக்க, அவர்க்கு வழிகாட்டிய பேராசிரியரின் கட்டுரை சில நூலகங்களின் அடுக்குகளில் அடங்கியிருத்தல் முறையாகாது. நூலகம் இல்லாத ஊரிலிருந்து தமிழ் ஆராயும் ஒருவர்க்கு அக்கட்டுரை எழுதப்படாததற்கு ஒப்பாம் என்பதை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.